தினம் பத்து வேண்டாம், வாரம் பத்து போதும்

"டீச்சர், தினமும் பத்து இங்கிலீஷ் வார்த்தை எழுதிக் கொடுக்கிறேன். ராத்திரி மடமடன்னு ஒப்பிக்கிறான். காலையில கேட்டா முழிக்கிறான். இவனுக்கு ஞாபகசக்தியே இல்லையோ?"

பெற்றோர் கூட்டங்களில் எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்பதால் ஆறாம் வகுப்பு அம்மாவும் கேட்கிறார், பத்தாம் வகுப்பு அப்பாவும் கேட்கிறார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள். பிள்ளையின் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. வார்த்தையை நாம் கொடுக்கிற விதத்தில்தான் மாற்றம் வேண்டும்.

ராத்திரி ஒப்பித்தது காலையில் எங்கே போகிறது?

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர், அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்தார். 1885-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். படித்த முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் நழுவிவிடுகிறது, அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. படித்ததை ஒரே மூச்சில் பல முறை உருப்போடுவதைவிட, இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பது நன்றாக நிலைக்கிறது என்பதையும் அவரே சொன்னார்.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

உங்கள் பிள்ளை ராத்திரி மடமடவென்று ஒப்பித்து, காலையில் முழிப்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. ஒப்பிப்பதற்கென்று படித்தது ஒப்பிக்கிற வரை இருந்தது. அடுத்த நாள் அதே பத்தைத் தேட விடாமல் புதிதாகப் பத்து கொடுத்துவிட்டோம். பழையதைப் பார்க்க நேரமே கொடுக்கவில்லை என்றால் அது எப்படி நிற்கும்?

எந்த வார்த்தைகள்?

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் சொற்கள் இருக்கின்றன. பள்ளிப் பாடங்களிலும் பிள்ளைகளுக்கான அச்சு நூல்களிலும் மட்டும் ஏறத்தாழ 88,500 சொற்குடும்பங்கள் வருகின்றன என்று 1984-ல் நேகி, ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எந்தப் பிள்ளையும் இதைப் பட்டியல் போட்டு முடிக்க முடியாது. அதனால் முதலில் எதைக் கற்பது என்பதுதான் பெரிய கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் முக்கியமான ஒருவர் நம் பக்கத்தில்தான் வேலை பார்த்தார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், அன்றைய ஒன்றுபட்ட வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தார். வங்காளப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூல்களில் வரிக்கு வரி புதுச் சொல் வந்து படிப்பையே முடக்குவதைக் கவனித்தார். புதுச் சொற்களைக் குறைத்து, வந்த சொல் மறுபடி மறுபடி வரும்படி வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். பிறகு 1953-ல், அன்றாட ஆங்கிலத்தில் அதிகம் பயன்படும் சுமார் 2000 சொற்களின் பட்டியலை வெளியிட்டார். நூலுக்கு நூல் அளவு மாறினாலும், சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்தச் சொற்களாலேயே ஆனது. 1978-ல் வந்த லாங்மன் அகராதியும் தன் விளக்கங்கள் அனைத்தையும் சுமார் 2000 சொற்களுக்குள் எழுதியது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 5 ஆண்டுகள். பள்ளி நடக்கும் வாரங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 40. வாரம் 10 சொல் என்று வைத்தால் 5 ஆண்டில் 2000. கைக்கு எட்டுகிற கணக்குதானே? தினம் பத்து என்று ஓடி, ஒன்றும் மிஞ்சாமல் நிற்பதைவிட, வாரம் பத்து என்று நடந்து அத்தனையையும் கையில் வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

அந்தப் பத்தையும் வெளியே தேட வேண்டாம். அந்த வாரம் நடக்கிற பாடத்திலிருந்து எடுங்கள். ஒரு பாடத்தின் பின்பக்கத்தில் இருக்கிற அருஞ்சொற்கள் எல்லாமே முக்கியமானவை இல்லை. கதையில் ஒரே ஒரு முறை வருகிற ஏதோ ஒரு செடியின் பெயரை விட்டுவிடலாம். இன்னொரு பாடத்திலும் வரும், அறிவியலிலும் வரும், செய்தித்தாளிலும் வரும் என்று தோன்றுகிற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகைச் சொற்களை நான் வற்புறுத்தியே சொல்லிக்கொடுப்பேன். அவை கேள்வித்தாளில் வருகிற வினைச்சொற்கள். 'டிஸ்க்ரைப்' என்றால் விவரி. 'கம்பேர்' என்றால் ஒப்பிடு. 'டிஸ்டிங்குவிஷ்' என்றால் வேறுபடுத்து. 'ஜஸ்டிஃபை' என்றால் காரணம் காட்டி நிறுவு. ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை அறிவியலை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும். ஆனால் வேறுபடுத்தச் சொன்ன இடத்தில் இரண்டுக்கும் வரையறை எழுதிவைத்துவிட்டு வந்துவிடும். பாடம் தெரிந்தும் மதிப்பெண் போவது எவ்வளவு பெரிய அநியாயம்! தமிழ் வழியில் படித்துவிட்டு பாலிடெக்னிக்கிலும் நர்சிங்கிலும் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் பருவத்திலேயே இந்தச் சொற்கள் எதிரே வந்து நிற்கின்றன. எட்டாம் வகுப்பிலேயே இவற்றைப் பழக்கிவிட்டால் அந்தத் திகைப்பு பாதியாகக் குறையும்.

ஏற்கெனவே வாயில் இருக்கிற ஆங்கிலம்

"எனக்கு இங்கிலீஷே வராது மிஸ்" என்கிற பிள்ளையிடம் கிரிக்கெட் பற்றிப் பேசச் சொல்வேன். 'அப்பீல்', 'அம்பயர்', 'டிக்ளேர்', 'ரிவ்யூ', 'பவுண்டரி', 'பார்ட்னர்ஷிப்', 'எக்ஸ்ட்ரா', 'டிஸ்மிஸ்' என்று வரிசையாக வரும். கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். இத்தனையும் அவனுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள்.

அடுத்த படி, அந்தச் சொல்லை மைதானத்திலிருந்து வெளியே கூட்டிவருவது. அம்பயரிடம் கேட்பது 'அப்பீல்' என்றால், கீழ்க்கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மேல்கோர்ட்டில் கேட்பதும் 'அப்பீல்'. பந்து தாண்டுகிற கோடு 'பவுண்டரி' என்றால், சமூக அறிவியல் பாடத்தில் நாட்டின் எல்லையும் 'பவுண்டரி'. இன்னிங்ஸ் முடிந்தது என்று அணித்தலைவர் அறிவிப்பது 'டிக்ளேர்' என்றால், தேர்வு முடிவை அறிவிப்பதும் 'டிக்ளேர்'. இப்படிச் சொன்னால் பிள்ளைக்குப் புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை. தெரிந்த சொல்லின் அகலம் கூடுகிறது, அவ்வளவுதான்.

கிரிக்கெட் பார்க்காத பிள்ளைக்குச் செல்போன் இருக்கிறது, பஸ் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. 'பேலன்ஸ்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் தர வேண்டிய மீதிச் சில்லறையும் அதுதான், சைக்கிளில் விழாமல் நிற்பதும் அதுதான், சத்துகள் சரிவிகிதமாகச் சேர்ந்த உணவுக்கு முன்னால் வருவதும் அதுதான், வேதியியலில் சமன்பாட்டைச் சமன்செய்யச் சொல்கிற கட்டளையும் அதுதான். வீட்டில் நாம் பேசுகிற தமிழுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் உலவுகின்றன. அவற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் வராது என்ற பயம் அந்த நோட்டு நிரம்ப நிரம்பக் குறையும்.

தமிழில் எழுதிவைக்கும் உச்சரிப்பு

ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிவைக்கிற பழக்கம் எல்லா வகுப்பிலும் உண்டு. பிள்ளைகளை இதற்காகத் திட்டக் கூடாது. ஆங்கில எழுத்து ஒரு மாதிரியும் ஒலி ஒரு மாதிரியும் இருப்பதால், எழுதியபடி வாசித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளை தேடிக்கொண்ட துணை அது. ஆனால் அந்தத் துணை பல இடங்களில் தவறான வழி காட்டும்.

'பேக்' என்று தமிழில் எழுதிவிட்டால் அது தோளில் மாட்டுகிற பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா, பேக்கரியில் கேக் சுடுவதா? நான்கும் ஆங்கிலத்தில் நான்கு தனிச் சொற்கள், நான்கு தனி ஒலிகள். நம் எழுத்தில் ஒரே 'ப', ஒரே 'க' இரண்டிரண்டு ஒலிகளைச் சுமக்கின்றன. அதனால் அந்த வேறுபாடு பென்சில் குறிப்பில் காணாமல் போய்விடுகிறது. பிறகு எழுத்துக்கூட்டி எழுதச் சொன்னால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வருகிறது.

இதற்கு வழி காதுதான். செல்போனில் இருக்கிற இலவச அகராதிச் செயலிகளில் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டால் சொல்லை வாசித்துக் காட்டும். கேட்டு, சொல்லி, பிறகு எழுதட்டும். நீளமான சொல்லை அசை அசையாகப் பிரித்துக் கைதட்டிச் சொல்லச் சொல்லுங்கள். 'எ-ஜு-கே-ஷன்' என்று நான்கு துண்டாகச் சொல்லிப் பழகிய பிள்ளை, அதை எழுதும்போதும் துண்டு துண்டாக எழுதும். தப்பு குறையும்.

தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இருக்கிற பலம்

ஆங்கில வகுப்பில் தமிழே கேட்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நல்ல தமிழ் தெரிந்த பிள்ளை ஆங்கிலச் சொல்லை வேகமாகப் பிடிக்கிறது என்பதை வகுப்பில் தினமும் பார்க்கிறேன். பொருள் ஏற்கெனவே மனதில் இருப்பதால், அதற்கு இன்னொரு பெயர் மட்டும்தான் தேவைப்படுகிறது.

அறிவியல் சொற்களில் இந்தப் பலம் இன்னும் அதிகம். 'போட்டோசிந்தசிஸ்' என்ற சொல்லைப் பார்த்து மிரளுகிற பிள்ளையிடம் 'ஒளிச்சேர்க்கை'யைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒளி, சேர்க்கை. ஆங்கிலச் சொல்லும் அதே இடத்தில்தான் பிரிகிறது. கிரேக்கத்திலிருந்து வந்த 'போட்டோ' என்றால் ஒளி, 'சிந்தசிஸ்' என்றால் சேர்க்கை. 'டெலஸ்கோப்' தொலைநோக்கி, 'மைக்ராஸ்கோப்' நுண்ணோக்கி, 'டெலிபோன்' தொலைபேசி, 'டெலிவிஷன்' தொலைக்காட்சி. இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதி, 'டெலி' வருகிற இடத்தில் எல்லாம் தமிழில் என்ன வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "தொலை!" என்று வகுப்பே கத்தும். 'ஸ்கோப்' என்றால் "நோக்கி!" என்று கத்தும். இனி 'பெரிஸ்கோப்' என்ற சொல்லைப் புதிதாகப் பார்த்தாலும் அது ஏதோ பார்க்கிற கருவி என்று பிள்ளை தானே ஊகிக்கும்.

நம் கலைச்சொற்களை ஆக்கியவர்கள் பொருளைப் பகுதி பகுதியாக எடுத்துத் தமிழில் கட்டியிருக்கிறார்கள். அந்த உழைப்பு இன்று ஆங்கிலம் கற்கிற பிள்ளைக்கும் கைகொடுக்கிறது. தமிழ் வழிப் பாடநூலையும் ஆங்கில வழிப் பாடநூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பாடத்தை வாசிக்கச் செய்வது நல்ல பயிற்சி. இரண்டும் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முன்னொட்டு, பின்னொட்டுகளும் இதே வகைதான். 'ஆக்ட்' எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து 'ஆக்டர்', 'ஆக்‌ஷன்', 'ஆக்டிவ்', 'ஆக்டிவிட்டி', 'ரியாக்ட்', 'ரியாக்‌ஷன்'. ஒரு சொல்லைக் கற்ற கையோடு அதன் குடும்பத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டால், பத்தாம் வகுப்பில் முன்னொட்டு பின்னொட்டுக் கேள்விக்குத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்காது.

தனியாக எழுதாதீர்கள்

தமிழில் மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும். மழை அடிக்கிறது என்று சொன்னால் அது வேறு பொருள். வெயில் பெய்கிறது என்று எந்தப் பிள்ளையும் பேசாது. இதை யாரும் நமக்கு விதியாகச் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது.

ஆங்கிலத்திலும் ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படிக் கூட்டாளி உண்டு. வீட்டுப்பாடத்துக்கு 'டூ', தவறுக்கு 'மேக்', புகைப்படத்துக்கு 'டேக்', கவனத்துக்கு 'பே'. பலத்த மழைக்கு 'ஹெவி', திடமான டீக்கு 'ஸ்ட்ராங்'. 'மிஸ்டேக் என்றால் தவறு' என்று மட்டும் எழுதிவைத்த பிள்ளை, பேசும்போது அதோடு எந்த வினையைச் சேர்ப்பது என்று தெரியாமல் நின்றுவிடும். 'மேக் எ மிஸ்டேக்' என்று சேர்த்தே எழுதிவைத்த பிள்ளை நிற்காது. அதனால் நோட்டில் ஒற்றைச் சொல்லாக எழுத விடாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று சொல் கொண்ட தொடராக, முடிந்தால் ஒரு வாக்கியமாக.

இதற்கு உதவுகிற அகராதிகள் இருக்கின்றன. ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருந்த ஏ. எஸ். ஹார்ன்பி, வேற்றுமொழிப் பிள்ளைகளுக்கு என்றே ஓர் அகராதியை உருவாக்கினார். 1942-ல் ஜப்பானில் வெளிவந்த அது, 1948-ல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. இன்று நாம் பயன்படுத்துகிற ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதிக்கு அதுவே மூலம். எளிய விளக்கமும், சொல் எப்படி வாக்கியத்தில் வரும் என்ற எடுத்துக்காட்டும் அதன் சிறப்பு. முதலில் ஆங்கிலம்–தமிழ் அகராதியில் பொருள் பார்க்கட்டும். எட்டாம் வகுப்பு தாண்டியதும் இந்த அகராதிக்குப் பழக்குங்கள்.

மூன்று டப்பா முறை

இனி செய்முறை. 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் பிரபலப்படுத்திய அட்டை முறையை நம் வீட்டுக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறேன். செலவே இல்லை.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்ன அட்டைகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் தமிழ்ப் பொருள். மறுபக்கம் ஆங்கிலச் சொல், அது வருகிற ஒரு வாக்கியம். வாக்கியம் பிள்ளையின் சொந்த வாழ்க்கையைப் பற்றியதாக இருக்கட்டும். பாட்டி, ஆடு, தெருக்குழாய், பள்ளிப் பேருந்து என்று எதுவானாலும் சரி.

மூன்று ஸ்வீட் டப்பாக்கள். புது அட்டைகள் முதல் டப்பாவில். அதைத் தினமும் எடுத்துப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலச் சொல்லைச் சரியாகச் சொல்லி எழுதிவிட்டால் அட்டை இரண்டாவது டப்பாவுக்குப் போகும். அதை புதன், சனியில் மட்டும் பார்த்தால் போதும். அங்கேயும் சரியென்றால் மூன்றாவதுக்கு. அது ஞாயிறு மட்டும். எந்த டப்பாவில் தவறினாலும் அட்டை முதல் டப்பாவுக்கே திரும்பும். மூன்றையும் தாண்டியவற்றை ரப்பர் பேண்ட் போட்டு வைத்து, காலாண்டு விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் ஒரு முறை எடுங்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நினைவுக்கு வராவிட்டால் உடனே அட்டையைத் திருப்பக் கூடாது. கொஞ்சம் யோசிக்க விடுங்கள். தேடி எடுக்கிற அந்த முயற்சிதான் சொல்லை நிலைக்கவைக்கிறது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே டீச்சர், நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?" என்று கேட்கிற அம்மாக்களுக்கு: இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை. தமிழ்ப் பக்கத்தைப் படித்து "இதுக்கு என்னடா?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும், எழுதும். பிறகு அட்டையைத் திருப்பி அதுவே எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருப்பதே பெரிய உதவி.

வாசிப்பு இல்லாமல் முடியாது

2000 சொல் அட்டையில் வரும். அதற்கு மேல் வாசிப்பில்தான் வரும். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன், சொல்வளம் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். ஒரு நூலைத் துணையின்றி நன்றாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவரும் சக ஆய்வாளர்களும் சொன்ன அளவு. அதாவது 100 சொல்லுக்கு 2 தெரியாமல் இருக்கலாம். அதற்கு மேல் போனால் வாசிப்பு நின்று அகராதி தேடல் ஆகிவிடும்.

இதனால்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தங்கையின் புத்தகத்தை அவளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், இருவருக்கும் லாபம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் பிள்ளைகளுக்கான கதைகள் நிலைவாரியாக இலவசமாக இருக்கின்றன. ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைப்பது பெரிய வசதி. முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் படித்தால், தெரியாத சொல்லும் கதையாலேயே விளங்கும். ஒன்பது, பத்தாம் வகுப்பில் வேகம் வந்த பிள்ளைக்கு ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' கொடுங்கள். 1935-ல் வந்த நாவல், ஆனால் தேர்வுக்குப் பயப்படுகிற, கிரிக்கெட் அணி தொடங்குகிற அந்தச் சிறுவர்கள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானவர்கள் இல்லை. ஆங்கிலமும் தெளிவானது.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும்

பிள்ளை ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். சரியான ஒலியை நீங்கள் ஒரு முறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ஒரு முறை சிரித்தால் போதும், அந்தப் பிள்ளை அந்தச் சொல்லை மட்டுமல்ல, ஆங்கிலத்தையே நம் எதிரில் பேசாமல் நிறுத்திவிடும். மறந்த சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லித் தண்டனை கொடுப்பதையும் விட்டுவிடுவோம். கை வலிக்குமே தவிர, சொல் மனதில் ஏறாது. அதற்குப் பதில் அந்தச் சொல்லை நாளைக்கு ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை கேளுங்கள்.

"இன்னைக்கு எத்தனை வார்த்தை படிச்சே?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "போன வாரம் படிச்சதுல ஒண்ணை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லு" என்று கேட்கத் தொடங்குங்கள். இந்தச் சனிக்கிழமை வீட்டில் இருக்கிற பழைய பத்திரிகை ஒன்றை வெட்டி, பத்து அட்டை செய்யுங்கள். பொதுத்தேர்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். ஆறாம் வகுப்பில் தொடங்குகிற பிள்ளைக்குத்தான் அவசரமில்லாமல் கற்கிற வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பை அதற்குக் கொடுங்கள்.